பொய்த் தேதி அடிக்காத கை

இந்த இரங்கல் கூட்டத்து மேடையில் அமர்ந்திருக்கிற சங்கத் தலைவர் அவர்களே, ஒன்பது வருஷம் இந்த வழக்கைத் தூக்கிச் சுமந்த வக்கீலம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கிற மாப்பிள்ளையே, மருமகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற தோழர்களே! எல்லாருக்கும் என் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். எனக்குத் தாள் உதவாது. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன்.

முத்திரையம்மா! என் கூடப் பிறக்காத தங்கச்சி! உன்னைப் பற்றிப் பேச அழுதுகொண்டு வரவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

ஆக்சிஜன் சிலிண்டர் கம்பெனியில் அவருக்குச் சோதனை வேலை, எனக்குச் சுமை ஏற்றுகிற வேலை. சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்புவார், பம்பு வைத்து அழுத்துவார், தாங்குகிறதா என்று பார்ப்பார். தாங்கினால்தான் அதன் கழுத்தில் சுத்தியலால் தேதியை அடிப்பார். அந்தத் தேதியை நம்பித்தான் ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். 'முத்திரையம்மா' என்று பெயர் வைத்தது சுமைக்காரர்களாகிய நாங்கள். அவர் சுத்தியல் சத்தம் கேட்காமல் ஒரு சிலிண்டரும் எங்கள் தோளில் ஏறாது.

ஒரு வியாழக்கிழமை பம்பு கெட்டுப்போனது. மேனேஜர் இறங்கி வந்தார்.

"பம்பு சரியாகறதுக்குப் பத்து நாள் ஆகும். லாரி நிக்குது. தேதியை மட்டும் அடிச்சு விடும்மா."

"தண்ணி ஏத்திப் பாக்காம எப்படி சார் அடிக்கிறது?"

"அஞ்சு வருஷம் முந்தி பாத்தப்ப தாங்கின சிலிண்டர்தானே? இப்ப மட்டும் என்ன ஆயிடும்?"

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி எனக்கு முட்டி வலியே இல்லை சார். இப்ப படியேற முடியலையே!"

நாங்கள் சிரித்துவிட்டோம். மேனேஜர் சிரிக்கவில்லை. தங்கச்சி சுத்தியலை மேசை மேல் வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார். வேறு ஆளை வைத்து அடித்தார்கள். எண்பத்தாறு சிலிண்டர்! நான்தான் ஏற்றினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, இந்தச் சபையில் மறைக்க மாட்டேன்.

அவர் என்ன செய்தார்? பத்திரிகைக்கு ஓடினாரா? இல்லை. "நம்ம கம்பெனி விஷயம்ண்ணே. முதல்ல நம்ம பெரியவங்ககிட்டச் சொல்றதுதான் மரியாதை" என்றார். வியாழன் சொன்னார், வெள்ளி சொன்னார், திங்கள் மறுபடியும் மேனேஜர் அறையில் நின்றுகொண்டே சொன்னார். செவ்வாய்க்கிழமை வாசலில் அவருடைய பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான், வெள்ளிக்கிழமை, அரசாங்கப் பரிசோதனை ஆபீசுக்கு எழுதிப் போட்டார்.

ஆபீசர்கள் வந்தார்கள். கம்பெனிக் கணக்கில் அந்த எண்பத்தாறைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்த லாரி எந்த ஊருக்குப் போனது என்று நான் ஒப்பித்தேன். அத்தனையும் திரும்பி வந்தன. தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள். ஏழு தாங்கவில்லை! ஏழு, அய்யா! எந்த ஏழு வீட்டு மனிதர்கள் அதற்குப் பக்கத்தில் படுத்திருப்பார்கள்? அவர்களுக்கு இவர் யாரென்றுகூடத் தெரியாது. தெரியாமலே பிழைத்திருக்கிறார்கள்!

ஆனால் கோர்ட்டில் என்ன நடந்தது? எதிர்க்கட்சி வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உமக்குப் படிக்கத் தெரியாது. பாஸைப் பிடுங்கினது செவ்வாய்க்கிழமைன்னு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமைதான் லாரி ரெண்டு நடை வருமுங்க. என் முதுகுக்குத் தெரியும்."

ஜட்ஜே சிரித்துவிட்டார். சிரித்து என்ன பயன்? தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. புகார் சொன்னவரைக் காக்கச் சட்டம் இருக்கிறதாம். ஆனால் அரசாங்க ஆபீசுக்கு எழுதிக் கொடுத்த பிறகு தண்டித்தால்தான் காக்குமாம். இவர் சொன்னது வாயால், அதுவும் மேனேஜரிடம். எழுதியது வேலை போன மூன்றாம் நாள். ஆகையால் செல்லாது! சாட்சி சொன்ன என்னையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் ஒப்பந்தக்காரருடைய ஆள், கம்பெனியின் தொழிலாளியே இல்லை என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் அங்கே சுமந்தது யாருடைய முதுகு?

மரியாதையாக முதலில் கம்பெனிக்குள்ளேயே சொன்னாரே, அதுதான் அவர் செய்த தப்பு. இதைச் சட்டம் என்பதா, ஓட்டை என்பதா?

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. 'தவறாகப் புரிந்துகொண்டு புகார் செய்தேன்' என்று எழுதிக் கொடுத்தால் வேலை தருகிறோம் என்றார்கள். தங்கச்சி என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பொய்த் தேதி அடிக்க மாட்டேன்னு வெளியே வந்தவண்ணே நான். பொய்க் கடுதாசியில கையெழுத்துப் போட்டு உள்ளே போகவா?"

போகவில்லை. தையல் கடையில் உட்கார்ந்தார். அங்கேயும் அதே குணம்தான். அவர் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, கேலி செய்வார்: "பட்டனைத் தைச்சு மூணு தடவை இழுத்துப் பாப்பா மச்சான். பட்டன் பிழைச்சுக்கும், சட்டைதான் கிழிஞ்சுபோவும்!" இதோ, இப்போதும் சிரிக்கிறார் பாருங்கள். சிரியுங்கள் மாப்பிள்ளை!

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்க அறைதான் அவருக்குக் கதி. வேலையிடத்துக் கோளாறு சொல்லி வருகிறவர்களிடம் முதலில் கேட்பார்: "யார்கிட்டயாவது வாயைத் திறந்தியா? இல்லையே? உக்காரு, முதல்ல எழுது." தான் விழுந்த குழியில் இன்னொருவர் விழாமல் வாசலிலேயே நின்று தடுத்தார். எத்தனை பேரின் வேலையைக் காப்பாற்றினார்! ஒருவரிடமாவது நன்றியை எதிர்பார்த்தாரா?

சட்டத்தைத் திருத்துவதற்குச் சட்டசபைக் குழு வருகிற புதன்கிழமை கூடுகிறது. பேச அவரைத்தான் அழைத்திருந்தார்கள். எட்டு நாளைக்கு முன்னால் அவர் போய்விட்டார். அவர் கேட்க நினைத்தது மூன்றே விஷயம். மேலதிகாரியிடம் வாயால் சொன்னாலும் புகார்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்த ஆளும் ஆள்தான். சாட்சி சொன்னவனையும் காக்க வேண்டும்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி என் கையைப் பிடித்தார். ஆஸ்பத்திரி லிப்ட் மெக்கானிக். பிரேக் தேய்ந்துவிட்டது, ஆட்களை ஏற்றாதீர்கள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். வாயால்தான். நேற்றிலிருந்து வேலைக்கு வராதே என்கிறார்கள். "அம்மாவைப் பாக்கலாம்னு வந்தேன் பெரியவரே. படத்தைத்தான் பாக்க முடிஞ்சுது. நான் இனி யார்கிட்டப் போவேன்?" என்றார்.

தம்பி, பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்காராதே. எழுந்து நில். தோழர்களே, இவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி இவர் தனி ஆள் இல்லை! வக்கீலம்மா இன்றைக்கே அவரோடு உட்கார்ந்து லிப்ட் விஷயத்தை எழுதி ஆபீசில் கொடுத்துவிடுவார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானும் இந்தத் தம்பியும் அந்தக் குழுவின் முன்னால் போய் நிற்போம். நீங்கள் அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டும். நிற்பீர்களா?

"எழுத்தில் கொண்டுவந்தீரா?" என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். முத்திரையம்மா சொன்ன மூன்றையும் நான் வாயால்தான் சொல்லப் போகிறேன். எழுதிக்கொள்வது அவர்கள் வேலை.