பாப்பாயி வெச்ச மருந்து

— மருந்து இல்ல வெள்ளியங்கிரி! எத்தனை தடவைதான் சொல்றது? உம் பொண்டாட்டி வயித்துல யாரும் எதுவும் வெக்கல.

— ஏனுங்க டாக்டரம்மா, அப்பறம் சோறு எதுக்கு நெஞ்சுல நிக்குது? ஒரு உருண்டைக்கு ஒரு சொம்புத் தண்ணி குடிக்கறாளுங்க. எல்லாம் எங்கண்ணன் பொண்டாட்டி பாப்பாயி சோத்துல வெச்ச இடுமருந்துங்க.

— மாதாவே! இந்த எக்ஸ்ரே படத்தைப் பாருய்யா. காலையில வெள்ளை மாவு கரைச்சுக் குடிக்கக் குடுத்தேனே, அது எறங்கறப்ப எடுத்தது. சோத்துக்குழாய்ல சாய்வா ஒரு பள்ளம் தெரியுதா?

— தெரியுதுங்க. அங்கதானுங்களே மருந்து ஒட்டியிருக்குது?

— என் தலையெழுத்து! பின்னால ஒரு ரத்தக்குழாய் அழுத்துதுய்யா. இருதயத்துலருந்து பெரிய குழாய் ஒண்ணு மேல போயி வளையும். உங்க வாய்க்கால் மாதிரி வெச்சுக்க. வலக்கைக்குப் போற கிளை அதுல மொத மடையில பிரியணும். இவளுக்கு கடைசி மடையில, இடப்பக்கமாப் பிரிஞ்சு, சோத்துக்குழாய்க்குப் பின்னால குறுக்க பூந்து வலக்கைக்கு வருது. பொறப்புலயே அப்படி.

— அட, அவ்வளவுதானுங்களா? அந்த மடையை அடைச்சு உட்டுருங்க.

— அடைச்சா, கைக்கு ரத்தம் நீ எறைப்பியா?

— அதெல்லாம் கெடக்கட்டுமுங்க. மேச்சேரில ஒருத்தன் இவ வயித்துல கொழல் வெச்சு உறிஞ்சி, முடியுங் கிடியுமா எடுத்துக் காட்டினானுங்களே. நாங் கண்ணால பாத்தனுங்க!

— உறிஞ்சறதுக்கு முன்னாடி அவன் வாயைத் தொறந்து பாத்தியா?

— அதெப்படீங்க பாக்கறது, மருவாதியா இருக்குமா?

— அடக் கடவுளே. சரி, பாப்பாயி இப்ப எங்க?

— எங்கண்ணன் அவளை ரெண்டு புள்ளைங்களோட பொறந்த ஊட்டுக்கே முடுக்கி உட்டுட்டாருங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்துல புருசன் பொண்டாட்டி உறவையே அத்து உடறாங்க. அதுக்குள்ள நீங்களும் மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்குமுன்னுதான் ரெண்டு பஸ் மாறி சேலம் வந்தமுங்க.

— நல்லா வந்தே! ஒண்ணும் அறியாத பொம்பளைய்யா அவ!

— பொறப்புலயே இருந்தா இத்தனை நாள் தெரியாதுங்களா? கண்ணாலமாயி நாலு வருசம் நல்லாத் தின்னவளுங்க. போன ஆடிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து, பாப்பாயி ஆக்கின கறிச்சோறு தின்னப்பத்தான் மொதல்ல நின்னுச்சு. ஊரே பாத்துச்சுங்க.

— நானும் காலையிலருந்து இவளைத்தான் கேக்கறேன், நீதான் பதில் சொல்றே! கொஞ்சம் வாயை மூடு. மயிலம்மா, நீ சொல்லு தாயி. எப்ப இருந்து இப்படி?

— ஏனுங்க மாமா, நீங்க செத்த வெளிய இருங்க.

— நான் எதுக்கு வெளிய போறேன்? ஆடியிலருந்துன்னு சொல்லு மயிலா.

— ஊட்டுல எல்லாருந் தின்னப்பறம் அடுப்படியில ஒண்டியா உக்காந்து மெல்லத் திம்பனுங்கம்மா. யாரு பாத்தா? அன்னிக்குத்தான் பந்தியில மாட்டிக்கிட்டேன்.

— அப்படின்னா?

— சின்னப்புள்ளையிலருந்தே நிக்குதுங்கம்மா. நோவை மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்கன்னு என்னைய முடுக்கிப்போடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு, பாப்பாயி அக்காளை முடுக்கறப்ப வாயைத் தொறக்காம நின்னுட்டேன்.