நாத்தனார் பெயரில் வந்த தாலாட்டு

எழுபதுகளில் ஒருநாள் காலை, சின்னக்கானலிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அமெரிக்காவுல என் தாலாட்டைப் பாடுறாங்களாம்க்கா, என் நாத்தனா எஸ்தர் பேரைப் போட்டு," என்றாள் இளையவள்.

"என்னடி சொல்லுத?"

"போன வருசம் பங்களாவுல ஒரு வெள்ளக்காரர் தங்கியிருந்தாருல்ல? பியானோவோட ஒத்த ஆளு பாடுற மாதிரி பாட்டுக்கு மெட்டுப் போடுறவராம். எஸ்தர் அவருகிட்ட பாடிக் காட்டிருக்கா. இப்போ அச்சடிச்சு அனுப்பிருக்காரு. என் மவனுக்கு நான் கட்டுன பாட்டுக்கா அது!"

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். சண்டைக்கு வருவான்னு பாத்தா, 'ஆமா மைனி, ஒங்க பாட்டுதான்'னு அழுதுட்டா. பேரை மாத்தச் சொல்லி அவளே கடுதாசியும் எழுதிக் குடுத்துட்டா."

"பொறவென்ன? நல்லவதான."

"அதான்க்கா எரியுது. இதைப் போட்டா லயத்து வீடுகள்ல எல்லாரும் அவளைத்தான் மெச்சுவாங்க. போடலேன்னா பாட்டு அவளுக்கே போயிரும்."

மூணாறில் அவர்களுக்குப் பின்னால் நானும் இறங்கினேன். இளையவள் தபால்பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போட்டாள்.

"கையெழுத்துகூட அவளுக்குத்தான் அழகா இருக்குக்கா," என்றாள்.