முந்நூறு பங்கும் ஒரு கையும்

— உள்ள போயி ரெண்டு மணி நேரமாச்சு! சேலத்து வெயிலு முச்சூடும் என்ற மண்டைமேலதான். மண்டபத்துக்குள்ள ஒரே கூச்சலா கேட்டுது, அப்பறம் பாத்தாச் சத்தமே இல்லை. என்ன நடந்துது சௌந்திரம்? கம்பெனியை மூடறாங்களா?

— அட ஏனுங்க, சித்தெ இருங்க. என்ற கையைப் பாருங்க, எப்படிச் செவந்து போச்சு.

— கை செவந்தது கெடக்குது. மூடறாங்களா இல்லியா? அதைச் சொல்லு மொதல்ல.

— சொல்றனுங்க. ஒண்ணொண்ணாச் சொன்னாத்தான் எனக்கு வரும்.

— அந்த வாட்ச்மேன் என்னைய உட்டிருந்தான்னா நானே பாத்துட்டு வந்திருப்பேன். "பங்கு யாரு பேருல இருக்குதோ அவிங்கதான் உள்ள"ன்னுட்டான். எல்லாம் என்ற நேரம். சின்னண்ணன்னு என்ற பேருல போட்ட மனு திரும்பி வந்துருச்சு. கெடைச்சாக் கெடைக்கட்டும்னு பொண்டாட்டி பேருல போட்டதுக்கு முந்நூறு பங்கு உழுந்துருச்சு.

— அன்னைக்கு அந்தக் காயிதத்துக்குக் குங்குமம் வெச்சுக் கும்புட்டதும் நீங்கதானுங்க.

— கும்புட்டேன், ஆரு இல்லைன்னா? சொந்தமா ஒரு தறி வாங்க வெச்சிருந்த மூவாயிரமாச்சே. எம்பத்தி மூணுல பத்து ரூபாய்க்கு வாங்குன பங்கு, இன்னைக்குப் பேப்பருல ரெண்டே கால். மூணு வருசமா லாபம்னு ஒரு பைசா வந்துதா? வருசத்துக்கொருக்கா வழவழன்னு ஒரு புஸ்தகந்தான் வருது. அந்தத் தாளு பொரி மடிக்கக்கூட ஆகாது, வழுக்குது.

— கோவத்தைக் கொறைங்க. சனமெல்லாம் பாக்குது.

— பாக்கட்டும்! டி.வி.ல மாட்டி வெளையாட்டு ஆடற பெட்டி செய்யறானுகளாமா! நம்ம குமாரபாளையத்துல டி.வி. இருக்கறதே எண்ணி நாலு ஊடு. மத்தவனெல்லாம் பெட்டியை எதுல மாட்டுவான், ஆட்டாங்கல்லுலயா?

— நானும் அப்படித்தானுங்க நெனைச்சிருந்தேன். கண்ணுல பாக்கற வரைக்கும்.

— பாத்தியா? உள்ள வெச்சிருந்தானுகளா?

— மேடை மேல வெச்சிருந்தாங்க. ஈரோட்டுக்காரரு ஒருத்தரு, நல்ல தாட்டியான ஆளு, மைக்கைப் புடுங்கி "எங்க பணத்தைத் தின்னீங்களே, வயிறு வலிக்கலியா"ன்னாரு. அப்பக் கண்ணாடி போட்ட ஒரு மெலிஞ்ச மனுசரு எந்திரிச்சு, "நான்தாங்க இதைச் செஞ்சவன். ஒருக்கா ஆடிப் பாத்துட்டுத் திட்டுங்க"ன்னாரு. ஒருத்தரும் போகலை. அவரு மூஞ்சியப் பாத்து எனக்குப் பொக்குனு போச்சுங்க. நான் போனேன்.

— நீயா! அத்தனை சனத்துக்கு முன்னாடியா?

— டி.வி.க்குள்ள கருகும்முனு ஆகாசமுங்க. மேல இருந்து நட்சத்திரம் ஒவ்வொண்ணா உழுவுது. கீழ ஒரு தட்டு. நம்ம கையில ஒரு குமிழு. நான் குமிழைத் திருகுனா அங்க ஆகாசத்துல தட்டு நகருதுங்க! கை இங்க இருக்குது, அசையறது அங்க!

— சினிமாக் கொட்டாயில பாக்காததா?

— சினிமாவுல நாம எத்தனை அழுதாலும் சாகறவ செத்துத்தானுங்க போறா. இது நாம சொன்னாக் கேக்குது.

— செரி, அப்பறம்?

— நாலு தறியில எங்க நூலு அறுந்தாலும் கண்டுபுடிக்கற கண்ணுங்க இது. ஒரு நட்சத்திரத்தைக் கீழ உடலை. மொதல்ல ஒண்ணொண்ணா வந்துது, அப்பறம் மழையாட்டம் கொட்டுது. கூச்சலெல்லாம் நின்னுபோச்சு. மைக்கைப் புடுங்குன அதே ஈரோட்டுக்காரரு என்ற பொறத்தால நின்னுட்டு, "அம்மிணி, எடப்பக்கம்! எடப்பக்கம்!"னு தவிக்கறாரு.

— அடக் கெரகமே. பணம் கேக்கப் போன ஆளுகளா அவிய?

— கேளுங்க. நான் புடிச்ச கணக்கு டி.வி.ல ஒம்பதாயிரத்துச் சொச்சம் ஆச்சு. "இதுக்கு மேல ஒருத்தரும் போனதில்லீங்க, நானே போனதில்லை"ன்னாரு செஞ்சவரு. பத்தாயிரத்தைத் தொட்டுது பாருங்க, அத்தனை நட்சத்திரமும் அந்தரத்துல அப்படியே நின்னுருச்சு. அப்பறம் ஒவ்வொண்ணா, கீழ இருந்து மேல போகுதுங்க. நான் புடிச்சதெல்லாம் திரும்ப ஆகாசத்துக்கே போகுது.

— மேலயா?

— மேலயேதானுங்க. மெதுவா.

— அதெப்படி? அப்படி யாரு செஞ்சு வெச்சது?

— செஞ்சவருக்கே தெரியலீங்க. "நான் இப்படி எழுதவே இல்லியே"ன்னு கண்ணாடியைக் கழட்டிட்டுக் கண்ணைத் தொடைக்கறாரு. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. கோயில்ல தீவாரனை காட்டறப்பக்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. மூடிப்போட்டா அந்த ஆகாசம் எங்கீங்க போகும்?

— மேல போச்சா... தானா... செரி செரி, உடு. நட்சத்திரம் நமக்குச் சோறு போடாது. மூடுனாப் பங்குக்கு மூணு ரூபாய் தர்றோம்னு எழுதியிருந்தானுக. தொள்ளாயிரம் வந்தாப் பழைய தறி ஒண்ணுக்கு முன்பணம் குடுத்தர்லாம். தறி விக்கற ஆளுகிட்டச் சொல்லியே வெச்சுட்டேன். கை தூக்கச் சொன்னாங்களா?

— சொன்னாங்க.

— பஸ்ஸுல வர்றப்ப பத்துத் தடவை சொல்லிக் குடுத்தனே. தூக்குனியா?

— தூக்குனனுங்க. இத்தனை ஒசரத்துக்கு.

— அப்பாடா! மூடியாச்சு. வா, ஒரு காப்பி குடிக்கலாம்.

— மூடலீங்க. மூடோணும்னா நாலு கையில மூணு கை வேணுமாமா. ரெண்டு தடவை எண்ணுனாங்க. ஒத்தைக் கை கொறைஞ்சு போச்சு.

— ஒத்தைக் கையா! நம்ம தறியைக் கெடுத்த அந்தப் பாவி எவன்? மூஞ்சியப் பாத்தியா? எந்த ஊருக்காரன்?

— குமாரபாளையமுங்க. "மூட வேண்டாங்கறவங்க கை தூக்குங்க"ன்னாங்க. அப்பத்தானுங்க நான் தூக்குனேன்.