அக்காவின் லாகினில் மட்டும்

“பழுதுன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லைங்க. சில சமயம் அப்படி ஆகும். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.”

அம்மாவுக்கு மட்டும் ஏன் பென்டிரைவ் திறப்பதில்லை என்று நேற்று என் அறைக்கு வந்து நீங்கள் கேட்டபோது, நான் சொன்னது இவ்வளவுதான். நல்ல நாற்காலியைக் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், பதிலை மட்டும் கொடுக்கவில்லை. அம்மாவின் நோட்டை மேசையில் வைத்துவிட்டு, உங்களுக்கு ஏதாவது பிடிபடுகிறதா பாருங்கள் என்று சொல்லிப் போனீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் முழுவதும் படித்தேன். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டே பழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அந்த உரிமை எனக்கு இல்லை என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

இந்த மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரத்தை மற்றக் கணினிகளோடு இணைப்பதில்லை. எடுத்த படங்களைப் பென்டிரைவில் போட்டு, மாடியில் மருத்துவர்கள் படம் பார்க்கும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் அக்காவின் வேலை. அங்கே அக்கா தன் பெயரில் லாகின் செய்து, பென்டிரைவைச் செருகினால் திரையில் ஒரு சின்னப் படம் வரும். அதைத் திறந்து கோப்புகளை மருத்துவர்களின் ஃபோல்டருக்கு மாற்றுவார். யார் மாற்றினார்கள் என்பது பதிவாக வேண்டும் என்பதால், ஒருவர் லாகினில் இன்னொருவர் வேலை பார்க்கக் கூடாது. எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் என்ற இயங்குதளம். அவற்றைப் பார்த்துக்கொள்வது நான்.

பதினாறு மாதத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். மறுநாள் காலை மாடியில் எந்தப் பென்டிரைவும் திறக்கவில்லை. இது உண்மையான பழுது, என்னால் வந்ததில்லை. இப்படி ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, செருகியது கணினிக்குத் தெரிகிறதா என்பது. தெரிந்தது. எத்தனை ஜிபி, யார் தயாரிப்பு என்று பதிவேட்டில் ஒழுங்காக எழுதியிருந்தது. ஆனால் உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் பேச்சில் அதை மவுண்ட் ஆகவில்லை என்போம். வாசலில் நிற்கும் விருந்தாளியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வாங்க என்று சொல்லாமல் இருப்பது போல.

எனக்கு முன்னால் இருந்தவர், எந்தச் சேமிப்பு வட்டை எப்போது சேர்க்கலாம் என்ற பட்டியலில் எப்போதோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார். இந்தப் பெயரில் வருவதைத் தானாகச் சேர்க்காதே, கணினியைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னால் மட்டும் சேர் என்று. புதுப் பதிப்பில் செருகும் ஒவ்வொரு பென்டிரைவுக்கும் அதே பெயர் விழுந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பெரிய காரணமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நான்கு நாளும் யாராவது என்னைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். கூடவே மாடிக்குப் போய், கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டித் திறந்து கொடுப்பேன். மற்றவர்கள் திரையைப் பார்த்தபடி நன்றி சொன்னார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். என் அறைக்கு ஜன்னல் கிடையாது, இரும்பு அலமாரியில் சர்வர்கள் இரைந்துகொண்டே இருக்கும். அங்கே வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, சாப்பிட்டாச்சா, கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு, இந்தக் குளிர்ல ஒரு சால்வை போட்டுக்கக் கூடாதா என்று கேட்பார். மாடியில் எல்லோரிடமும் என்னை நம்ம கம்ப்யூட்டர் டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தார். நான்காம் நாள் படிக்கட்டில் இறங்கும்போது சொன்னார்:

“உங்க கை பட்டாத்தான் அது வாயத் திறக்குது தம்பி. கைராசிக்காரர் நீங்க.”

ஐந்தாம் நாள் பழுதைச் சரிசெய்தேன். அதன் பிறகு யாரும் வரவில்லை. எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக நடப்பதற்கு ஒரே அடையாளம் யாரும் வராமல் இருப்பதுதான். பதினொரு நாள் யாரும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அக்காவின் லாகினில் மட்டும் இரண்டு இடத்தில் கைவைத்தேன். தானாகத் திறக்கும் வேலையை நிறுத்தினேன். செருகியவற்றின் சின்னப் படமும் பெயரும் இடப்பக்கம் ஒரு பட்டியலில் வரும், அதையும் மறைத்தேன். இங்கே ஒவ்வொருவருடைய அமைப்பும் சர்வரில் இருக்கிறது. அவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அது பின்னாலேயே வரும். செருப்பு வாரை மாட்டும் நேரம்கூட ஆகவில்லை.

ஒரு வாரத்துக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். எந்த நோயாளியின் படமும் தொலையவில்லை, பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகவும் இல்லை. என்னிடம் நானே இதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நல்ல காரியம் செய்கிறவனைப் போல ஆகிவிட்டேன். இப்போது எழுதும்போது முகம் எரிகிறது.

அக்கா வந்தார். நான் போனேன், திறந்து கொடுத்தேன். முன்பு போலவே பேசினோம். உங்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் முதல் வேலையை விட்டது, வீடு மாறியபோது அலமாரி படியில் சிக்கியது, எல்லாம் தெரியும். எனக்கென்று பேச ஒரு குடும்பம் கிடைத்தது போல இருந்தது.

ஆனால் மற்றவர்களும் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்குத் திறக்காத அதே பென்டிரைவை ஈ.சி.ஜி. எடுக்கும் பெண் வாங்கித் தன் லாகினில் செருகினால் உடனே திறந்தது. அக்கா கணினி மாறி உட்கார்ந்து பார்த்தார், வேறு பென்டிரைவ் கேட்டு வாங்கிப் பார்த்தார், திறக்கவில்லை. உங்களைப் பார்த்தால் அதற்கு வெட்கம் அக்கா என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். நானும் அங்கே நின்று சிரித்தேன். எங்கள் வார்டு உதவியாளர் ஒருவருக்கு வானொலி என்று பட்டப்பெயர். அன்று மதியத்துக்குள் நான்கு மாடிக்கும் அவர் அதை ஒலிபரப்பிவிட்டார்.

அப்போதுதான் அக்கா நோட்டுப் போட்டார். மூடியைக் கழற்ற வேண்டும். சிவப்பு நூல் கட்டிய பக்கம் மேலே. செருகியதும் பத்து எண்ண வேண்டும். இருபது எண்ண வேண்டும். செருகும்போது மூச்சை இழுக்கக் கூடாது. நீங்களும் படித்திருப்பீர்கள்.

நான் விடுப்பில் போகும் நாட்களில், அவர் சிரமப்படக் கூடாதே என்று அமைப்பைச் சரியாக்கி வைத்துவிட்டுப் போவேன். இதைக் கருணை என்று நினைத்தேன். நோட்டைப் படித்த பிறகுதான் அது என்ன செய்தது என்று தெரிந்தது. திறந்த நாட்களில் என்னென்ன செய்தார் என்று அக்கா ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். இடது கையால் செருகியது, நின்றுகொண்டு செருகியது, அன்று நீலப் புடவை. மறுநாள் அதையெல்லாம் அப்படியே திரும்பச் செய்திருக்கிறார். நான் விடுப்பு முடிந்து வந்திருப்பேன்.

ஒருநாள் என் அறையில் உட்கார்ந்து தன் பெரியண்ணனைப் பற்றிச் சொன்னார். உங்கள் பெரிய மாமா. வயது ஐம்பத்தைந்தில், சட்டைப் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாராமே. எனக்கும் அதுதான் ஆரம்பிக்குதோ தம்பி என்று கேட்டார். நான் செய்தது என்ன என்று அந்த நிமிடம் எனக்கு முழுவதும் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அன்றே சரிசெய்திருக்கலாம். ஆனால் அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் என் கையைப் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

“ஒரு டாக்டரைப் பாத்துடுங்கக்கா. எதுக்கும் நல்லது,” என்றேன்.

அந்த யோசனை மருத்துவர்கள் சொன்னதில்லை. நான் சொன்னது.

பிறகு மருத்துவமனை நிர்வாகி என்னை அழைத்துக் கேட்டார். கணினியிலோ பென்டிரைவிலோ குறை உண்டா என்று எழுத்தில் வேண்டும் என்றார். கணினிகள் நன்றாக இருக்கின்றன, பென்டிரைவும் நன்றாக இருக்கிறது, மற்றவர்களுக்குத் திறக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

போன மாதம் மாடியில் நடந்த சோதனையை அக்கா வீட்டில் எப்படிச் சொன்னார் என்று தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். நிர்வாகியும் இரண்டு மருத்துவர்களும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு ஸ்கேனைக் கொண்டுவந்து, யார் உதவியும் இல்லாமல் ஃபோல்டரில் மாற்றிக் காட்ட வேண்டும். பத்து நிமிடம். அன்று காலை அமைப்பைச் சரியாக்கிவிடுவது என்று முடிவுசெய்துதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். சர்வர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தும் வைத்தேன். பிறகு ஒன்று தோன்றியது. அக்காவால் முடியவில்லை என்றால் நிர்வாகி என்னைக் கூப்பிடுவார். நான் எழுந்து போய்த் திறந்து கொடுப்பேன். இவர் பக்கத்தில் இருந்தால் போதும், இந்த அம்மா நன்றாக வேலை பார்க்கிறார் என்று அவர்களே சொல்வார்கள். அப்படி ஒரு காட்சி, ஆட்கள், அவர்கள் பேசும் வசனம் எல்லாம் எனக்குள் ஓடியது. திறந்த பக்கத்தை மூடினேன்.

அக்கா லாகின் செய்தார். சிவப்பு நூல் மேலே இருக்கிறதா என்று பார்த்துச் செருகினார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. எடுத்து மறுபடி செருகினார். நான்காவது முறைக்குப் பிறகு திரையைப் பார்ப்பதை விட்டுத் தன் விரல்களையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நான் செருகினேன்ல தம்பி? நீங்க பாத்தீங்கல்ல, செருகினேன்ல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இன்னொரு தடவை பாருங்கக்கா,” என்றேன்.

நிர்வாகி என்னைக் கூப்பிடவில்லை. ஒரு மருத்துவர் எழுந்து வந்து, அக்காவின் தோளில் கைவைத்து, போதும்மா என்று மெதுவாகச் சொன்னார். அவர் நல்லவர். வரும் திங்கட்கிழமையோடு மருத்துவக் காரணத்தால் ஓய்வு என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அதே திங்கட்கிழமை நரம்பு மருத்துவர் மாத்திரை ஆரம்பிக்கப் போகிறார் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. அங்கே பென்டிரைவைப் பற்றி ஒன்றும் இல்லை. தன் முழுப்பெயர், சரி. வீட்டு எண், சரி. மகள் பிறந்த தேதி, சரி. ஒவ்வொரு நாளும் காலையில் எழுதி, பிறகு சரிபார்த்து டிக் போட்டிருக்கிறார். ஒரு நாள்கூட ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்கும் கீழே ஒரு வரி. ‘தம்பியை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது. பாவம், அவருக்கும் வேலை இருக்கிறது.’ அதற்கும் தினமும் ஒரு டிக்.

அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உங்கள் அம்மாவின் நினைவில் ஒரு குறையும் இல்லை. அவர் செய்தது எல்லாமே சரி, ஒவ்வொரு முறையும் சரி. செய்தவன் நான். ஒரு மனுஷியின் மூளையை அவரே சந்தேகப்படும்படி பதினாறு மாதம் வைத்திருந்தேன். விரோதம் ஒன்றும் இல்லை. அவர் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காக.

நிர்வாகியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் அக்காவிடம் சொல்வதுதான் முறை என்று படுகிறது. அதையும் நீங்கள் சொல்வதைவிட நான் சொல்வது நல்லது. வெறும் பேச்சை அவர் இப்போது நம்பமாட்டார், ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைப்பார். கண்ணால் பார்த்தால் நம்புவார். அதனால் அவர் லாகினில் அந்த அமைப்பை நான் இன்னும் சரிசெய்யவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். அவர் முன்னாலேயே சரிசெய்வதுதான் அழகு.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அக்காவை என் அறைக்கு அழைத்து வருவீர்களா? பத்து நிமிடம் போதும்.