தியோடர் ஐயா சொல்லாமல் போன பதில்

தலைவர் கோவிந்தன் அவர்களே, செயலாளர் ஆதிகேசவன் அவர்களே, ஜீவனஹள்ளித் தமிழ் வாசகசாலைக்கு மாலையோடு வந்திருக்கும் அன்பர்களே! உட்கார இடமில்லாமல் வாசல்வரை நிற்கிறீர்கள். இத்தனை பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐயாவோடு ஒரே கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள் இந்தப் பாமா. கேட்க எனக்கு உரிமை உண்டு.

பேராசிரியர் தியோடர்! ஞாயிறுதோறும் இதே மண்டபத்தில் தமிழில் அறிவியல் பேசிய பெருமகன்! வியாழக்கிழமை அவர் மறைந்ததும், யாருக்குத் தந்தி கொடுப்பது என்று கேட்டார்கள். நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதோ மாலை போட்டிருக்கிறோமே, இந்தப் படம்கூட ஆண்டுவிழாக் குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. பக்கத்தில் நின்றவரின் தோள் இன்னும் தெரிகிறது.

ஒரு மழை நாள். நான் வரத் தாமதமாகிவிட்டது. உள்ளே ஐயாவின் குரல் கணீரென்று கேட்டது. எட்டிப் பார்த்தால் அத்தனையும் காலி நாற்காலி! "யாருக்கு சார் பேசறீங்க?" என்றேன்.

"வெளியில யாராவது மழைக்கு ஒதுங்கி நின்னு கேட்டுக்கிட்டிருந்தா? நிறுத்தினா போயிடுவாங்களேம்மா."

வெளியில் ஒருவரும் இல்லை. அதை எந்த வாயால் சொல்வேன்?

போன ஞாயிறு மூன்று பேர் இருந்தோம். எலக்ட்ரான் ஒளியிலிருந்து சக்தி வாங்குவதைப் பற்றிப் பேசினார். அணுவுக்குள் அதற்குப் படிகள் உண்டு, அரைப்படி கிடையாது. ஏறத் தேவையான சக்தி சரியாக வந்தால்தான் ஏறும் என்றார். மில்லில் வேலை செய்யும் நம் லூர்துமேரி எழுந்தாள்.

"சார், சக்தி கம்மியான வெளிச்சத்தையே நெறைய கொட்டினா? கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சுக்கிட்டு ஏறாதா?"

"சேத்து வைக்கத் தெரியாதும்மா அதுக்கு. ஒரே தடவையில கெடைக்கணும்."

அடடா, அந்த முகத்தில் எத்தனை சந்தோஷம்! ஒரு கேள்வி வந்துவிட்டதே! அவளும் விடவில்லை. "சரி சார், ஏறினது அங்கயே இருந்துடுமா?"

"அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன். கட்டாயம் வா."

அந்த ஞாயிறு நாளைக்கு. மண்டபத்தை இனி கேரம் ஆட்டத்துக்கு விடப்போவதாகக் காதில் விழுந்தது. ஐயாவைப் புதைத்த மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. இது அடுக்குமா? ஆசிரியர் அறையில் எனக்கும் இனிப் பேச ஆளில்லை, ஐயா. அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாளை நாலு மணிக்கு இங்கே நான் பேசுவேன். அவரைப் போல வராது, தெரியும். லூர்துமேரி, எங்கே நிற்கிறாய்? கேட்டுக்கொள். அங்கேயே இருக்காதம்மா. கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். வாங்கியதை ஒளியாகவோ சூடாகவோ கொடுத்துவிட்டுத்தான் இறங்கும். எப்படி என்பதை நாளை சொல்கிறேன், வா.

செயலாளர் அவர்களே, மண்டபத்துச் சாவியை இப்படிக் கொடுங்கள்.