காய்ச்சல் நாட்களின் அமைதி

உங்கள் அறையில் மின்விசிறி சத்தமே போடுவதில்லை, மேடம். எனக்கு இந்த அறை பிடித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. என் கணவர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்த பிறகும் அது அச்சகத்திலேயே இருக்கும். துண்டு ஈரமாக இருந்தால் கத்துவார். செருப்பு கோணலாகக் கிடந்தால் கத்துவார். கத்த ஒன்றும் கிடைக்காவிட்டால், ஏன் எல்லோரும் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கத்துவார்.

குட்டி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நகத்தைச் சதையோடு கடிப்பாள். படுக்கையை நனைப்பாள். அப்பா படியேறும் சத்தம் கேட்டால் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கேயே தூங்கிப்போனவளை எத்தனையோ முறை தூக்கி வந்திருக்கிறேன். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "வீட்ல கொஞ்சம் சந்தோஷமா வெச்சுக்கங்க" என்றார், ஏதோ நான் சந்தோஷத்தைப் பூட்டி வைத்திருப்பதைப் போல. மாடி வீட்டு அக்கா படிக்கட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா எங்க டிவிக்குக் கீழ எழுத்துப் போட்டாத்தான் கதை புரியுது." அன்று தட்டு பறந்து குட்டியின் காதோரம் பட்டிருந்தது. அக்கா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இன்று அவர் உங்களிடம் பக்கம் பக்கமாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். நீங்களும் போலீஸ் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். தட்டு பறந்தபோது யாருக்கும் கார் கிடைக்கவில்லை.

பிறகு குட்டிக்கு ஒருமுறை நிஜமாகவே காய்ச்சல் வந்தது. "எவ இந்தப் பையை நடுவழியில போட்டது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த மனுஷன், போர்வைக்குள் அவள் நடுங்குவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தங்கை சின்ன வயதில் காய்ச்சலில் போனவள். அன்று அவர் மகளின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டார். பேச்சு முழுக்கக் கிசுகிசுப்புத்தான். "நீ கொஞ்சம் படு. நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. குட்டி காய்ச்சலோடு சிரித்தாள். படுக்கை நனையவில்லை.

காய்ச்சல் இறங்கியது. அவர் குரல் ஏறியது.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எது எவ்வளவு கொடுத்தால் உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எந்த மாத்திரை என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருப்பார்கள். பொடித்து ஜாமில் குழைத்துக் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருநாளும் கொடுத்ததில்லை. எடை பார்த்து, வயிறு பார்த்துத்தான் கொடுத்தேன். இரண்டு நாள் வாந்தியும் மயக்கமும் இருக்கும். வீட்டில் இரண்டு நாள் சொர்க்கம் இருக்கும். டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். "இப்படி ஒரு பொறுமையான அம்மாவை நான் பார்த்ததில்லை" என்று ஒரு டாக்டர் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டிக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒரு சாயங்காலம் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அம்மா, அப்பா வேகமா ஏறி வராரு. சீக்கிரம் ஜாம் குடு." நான் கட்டாயப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளே கேட்டாள், மேடம். இவ்வளவு புரிந்த குழந்தை யார் வீட்டில் இருக்கிறது?

உங்கள் அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். மழைக்காலத்திலிருந்தே அவர் கத்துவதில்லை. அச்சகத்தில் ஒருநாள் ஓர் ஆள் மீது கையை ஓங்கி, வேலை போகும் நிலைக்கு வந்து, ஆலோசனைக்குப் போக ஆரம்பித்தார். உண்மைதான். குட்டி அலமாரிக்குள் போவதை விட்டுவிட்டாள். நகம்கூட வளர்ந்துவிட்டது. அப்புறம் போன வாரம் கொடுத்தது எதற்கு என்கிறீர்கள்.

கத்தாமல் இருந்தால் போதுமா? வருவார், சாப்பிடுவார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், இருவருமாக எதற்கோ சிரித்துக்கொள்வார்கள். என்னைப் படு என்று சொல்ல யாருமில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷமும் அந்தக் குரலை வாங்கிக்கொண்டவள் நான். அவர் திருந்தியதும் அதன் பலன் மட்டும் எனக்கு இல்லையா? சரி, அதை விடுங்கள். நான் செய்தது குழந்தைக்காக. திருந்தின மனுஷன் மறுபடி எப்போது மாறுவார் என்று யாருக்குத் தெரியும்? முன்கூட்டியே பார்த்துக்கொள்வதுதானே தாய்க்கு அழகு.

குட்டி கூடத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூனைப் பார்த்ததும் நின்றாள்.

"வேணாம்மா. அப்பா இப்ப நல்லவரா இருக்காரே."

"உன் நல்லதுக்குத்தான்டா."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

வளர்ந்துவிட்டாள், பழைய அளவு பிடிக்காது. அதனால் கொஞ்சம் கூட்டிக் குழைத்திருந்தேன். எவ்வளவு என்று இந்த முறை அளக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அலமாரிப் பக்கம் நகர்ந்தாள்.

அவள் இன்னும் கண் திறக்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் சொன்னதைக் கேட்டேன். திறந்ததும் முதலில் என்னைத்தான் தேடுவாள். அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு யாருக்கு அவளைப் பார்த்துக்கொள்ளத் தெரியும்?

எப்படிச் சாப்பிட வைத்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் ஒரு சத்தம் போட்டேன், அவ்வளவுதான். உடனே வாயைத் திறந்துவிட்டாள். சொன்னால் கேட்கிற பிள்ளை, மேடம். நல்லபடியாக வளர்த்தால் குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள்.