பௌர்ணமிக்குப் போடற பூட்டு

அங்க வெயிலு சார், தோ இந்தப் படியில உக்காருங்க, இப்பதான் கூட்டி வுட்டேன். பிரின்சிபால் ஐயா உங்களுக்கு சாப்பாடு சொல்லத்தான் போயிருக்காரு, வந்துருவாரு. நானா? திரௌபதி. இந்தக் கெமிஸ்ட்ரி கட்டடத்துல கூட்டறது, கதவு தொறக்கறது, பூட்டறது எல்லாம் இப்ப நான்தான்.

லேப்பு நல்லா இருக்குதுன்றீங்க. இருக்காதா பின்ன. நீங்க செக் பண்ண வரீங்கன்னு தெரிஞ்சதுமே பீரோவுல இருந்த கண்ணுக்குப் போடற கண்ணாடி, கையுறை அல்லாத்தயும் எடுத்துக் குடுத்துட்டாங்க. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டாப்ல மாட்டிகினு நிக்குதுங்க புள்ளைங்க. உங்க காரு கேட்டத் தாண்டினா திரும்ப பீரோதான். அந்தத் தீயணைக்கிற சிலிண்டர்ல பொட்டு இருக்குதுன்னு சிரிச்சீங்களே, அது ஆயுத பூசைக்கு வச்சது. வருசத்துக்கு ஒருவாட்டி அதத் தொடறதே அதுக்குத்தான்.

இந்தக் கதவா? ஆபத்துன்னா வெளிய ஓடியாற கதவு. நல்லாத் தொறக்குதா? காலையில நான்தான் கீலுக்கு எண்ணெ வுட்டேன். ஆனா பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டிடணும். கிரிவலப் பாதை தோ காம்பவுண்ட ஒட்டித்தான போவுது. மலை சுத்தறவங்க பாத்ரூம் தேடிகினு உள்ள பூந்துடறாங்க. அவங்களச் சொல்லி இன்னா பண்றது, பாவம். பின்பக்கம் நிக்க ஆளு கம்மி, அதான் பூட்டு.

உள்ள வேலையா? அது பாட்டுக்கு நடக்கும். பௌர்ணமிக்கு யாரு லீவு வுடறாங்க.

போன சித்திரைப் பௌர்ணமிக்கு உள்ள ஆசிட் பாட்டிலு ஒடஞ்சி ஒரே பொகை. லேப் அட்டெண்டர் புகழேந்தி முன்கதவுக்குப் போவ முடியாம இங்க வந்து தட்டியிருக்காரு. வெளிய அரோகரா சத்தம், யாருக்குக் கேக்கும். தொறக்கறப்ப கதவோரமாவே மூச்சு இல்லாம கெடந்தாரு. வழுக்கி வுழுந்துட்டாருன்னு எழுதிக்கினாங்க. அப்பவும் ஒரு ஆபீசர் வந்தாரு, கதவத் தொறந்து பாத்தாரு, நல்லாத் தொறந்துச்சி, போயிட்டாரு. பூட்டுன செக்யூரிட்டி வேலைய வுட்டு நின்னுட்டான். சாவி என்கிட்ட வந்துடுச்சி.

எழுதறீங்களா? எழுதுங்க சார். கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம். காலேஜ்ல எப்ப பதில் சொல்லணும்? மூணு மாசத்துக்குள்ளயா? அந்தப் பூட்டக் கையோட எடுத்துகினு போவ முடியாதா உங்களால? ரூல் இல்லியா. சரிங்க.

பூட்டாம வுட்டுடேன்றீங்க. ஒருவாட்டி வுட்டேன். மேல பாருங்க, கேமரா. அடுத்த நாளே கூப்ட்டு, வேற ஆளு போட்டுக்கவான்னு கேட்டாங்க. கதவாண்ட காவலிருக்கவும் வுட மாட்டாங்க. சாவிய இடுப்புல சொருவிகினு நான் முன்கேட்டுல நின்னு கூட்டத்தத் தள்ளணும்.

இன்னிக்கும் பௌர்ணமிதான். நீங்க போனதும் பூட்டச் சொல்லியிருக்காங்க. பூட்டு தோ இந்த பக்கெட்டுல துணிக்கு அடியில கெடக்குது, உங்க கண்ணுல படக் கூடாதுன்னு.

உள்ள ஒரு பொண்ணு உங்களுக்கு பாட்டிலெல்லாம் எடுத்துக் காட்டுச்சே, கண்ணாடி பெருசா இருக்குதுன்னு ஒரு கையில புடிச்சிகினே. மதிவதனி. புகழேந்தி எடத்துல அதத்தான் போட்டிருக்காங்க. என் வூட்டுக்காரரு போயிட்டாருன்னு எங்க வூட்டுக்குக் குடுத்த வேலை சார் அது. என் பொண்ணு. இன்னிக்கி இருட்டற வரைக்கும் அதுக்கு டூட்டி.

தோ, சாப்பாடு வந்துடுச்சாம், கூப்புடறாங்க. கொஞ்சம் எழுந்துக்கறீங்களா, கதவச் சாத்தணும்.